செங்கடலில் கேபிள் அறுந்தால் சென்னையில் ஏன் இழுக்கிறது?

2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை. செங்கடலில் ஜெட்டா நகருக்கு அருகே, கடலுக்கு அடியில் கிடந்த கேபிள்கள் அறுந்தன. சீ-மீ-வீ 4, ஐ.எம்.இ.டபிள்யூ.இ. ஆகிய இரண்டு பெரிய கேபிள்களும் அதில் அடக்கம். இந்தியா, பாகிஸ்தான், வளைகுடா நாடுகள் என வரிசையாக இன்டர்நெட் மந்தமானது. மத்திய கிழக்கு வழியாகப் போகும் போக்குவரத்து தாமதமாகும் என்று மைக்ரோசாஃப்ட் தன் அஸூர் கிளவுட் வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு விட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கும் யூடியூப் ஓடியது. டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் போனது. ஐரோப்பாவில் இருக்கும் ஏதாவது ஒரு சர்வரைத் தொட்டுவிட்டு வர வேண்டிய வேலைகள்தான் இழுத்தன. ஒரே போன், ஒரே சிம், ஒரே நாள். ஒரு ஆப் பறக்கிறது, இன்னொன்று சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஏன்?

பதில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று கடலடியில் கிடக்கும் கேபிள். இன்னொன்று அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் ஜன்னல் அதிகம் இல்லாத பெரிய பெரிய கட்டடங்களாக எழுந்து வரும் டேட்டா சென்டர்கள். இரண்டுமே சென்னைக்கு ரொம்பப் பக்கத்தில் நடக்கிற கதை.

காற்றில் வருவதில்லை

இன்டர்நெட் காற்றில் வருகிறது என்ற நினைப்பு பலருக்கு உண்டு. வைஃபை, 5ஜி, 'கிளவுட்' என்று பெயர்களே அப்படித்தானே இருக்கின்றன! உண்மையில் போனுக்கும் பக்கத்து டவருக்கும் நடுவே இருக்கும் கொஞ்ச தூரம்தான் காற்று. அதற்கப்புறம் எல்லாம் கண்ணாடி இழை. கண்டம் விட்டுக் கண்டம் போகும் டேட்டாவில் கிட்டத்தட்ட 99 சதவீதம் கடலடிக் கேபிள்கள் வழியாகவே போகிறது என்கிறது ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்.

இவ்வளவு பெரிய வேலை செய்யும் கேபிள் எவ்வளவு தடிமன் இருக்கும்? ஆழ்கடலில் கிடப்பது சுமார் 2 செ.மீ.தான். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஓஸ் அளவு. அதன் நடுவில் தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைகள். அவற்றைச் சுற்றி எஃகுக் கம்பி, செம்புக் குழாய், வெளியே பிளாஸ்டிக் உறை. கரைக்குப் பக்கத்தில் கப்பலும் மீன்பிடி வலையும் நடமாடும் இடத்தில் மட்டும் கூடுதலாக எஃகுக் கவசம் போட்டு, மணலைத் தோண்டிப் புதைப்பார்கள். ஆழம் கூடிவிட்டால் புதைப்பதும் இல்லை; கடல் தரையில் சும்மா போட்டுவிட்டு வருவார்கள்.

இழைக்குள் போவது ஒளி. 60 முதல் 100 கி.மீ. போனதும் அது களைத்துவிடும். அதனால் வழிநெடுக ஒளியைப் பெருக்கும் கருவிகளைக் கேபிளோடு சேர்த்தே இறக்குகிறார்கள். அவற்றுக்குக் கரண்ட் வேண்டுமே? அதற்குத்தான் அந்தச் செம்புக் குழாய். கரையிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் அதில் ஏற்றப்படுகிறது. ஒரு கேபிளை 25 வருடம் உழைக்கும் கணக்கில் கட்டுகிறார்கள்.

செயற்கைக்கோள் போதாதா என்ற கேள்வி அடிக்கடி வரும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கேபிள் நீளம் 3,200 கி.மீ. போக 16 மில்லிநொடி, வர 16 மில்லிநொடி. பூமியிலிருந்து 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோள் வழியாகப் போனால் அதே கேள்வி-பதிலுக்கு அரை நொடி ஆகிவிடும். வீடியோ காலில் 'ஹலோ, கேக்குதா?' என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்களே, அந்த அவஸ்தை. ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டச் செயற்கைக்கோள்களில் இந்தத் தாமதம் குறைவு. ஆனால் கொள்ளளவில் கேபிள் பக்கத்தில் அவை நிற்கவே முடியாது. மைக்ரோசாஃப்ட்டும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து 2017-ல் அட்லாண்டிக்கில் போட்டு முடித்த மரேயா என்ற ஒற்றைக் கேபிளின் திட்டமிட்ட திறன் நொடிக்கு 160 டெராபிட்.

சென்னைக்கு இது புதுசு இல்லை

1870-ல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற பிரம்மாண்டக் கப்பல் பம்பாயிலிருந்து ஏடனுக்குத் தந்திக் கேபிள் போட்டது. அடுத்த சில மாதங்களில் மெட்ராஸிலிருந்து பினாங்கு, அங்கிருந்து சிங்கப்பூர் என்று கிழக்கே நீண்டது. 1871 தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு லண்டன் தந்தி மெட்ராஸ் வழியாகப் போய்ச் சேர்ந்தது. இன்றைய கேபிள் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அதே பாதைதான் தெரியும். மேற்கே மும்பை, கிழக்கே சென்னை. கோடுகள் மட்டும் கூடியிருக்கின்றன.

2002-ல் ஏர்டெலும் சிங்டெலும் சேர்ந்து போட்ட ஐ2ஐ, 2004-ல் டாடாவின் சென்னை-சிங்கப்பூர் கேபிள், 2005-ல் சீ-மீ-வீ 4, அப்புறம் வங்காள விரிகுடா கேட்வே என்று ஒவ்வொன்றாகச் சென்னைக் கரை ஏறின. சீ-மீ-வீ என்றால் தென்கிழக்கு ஆசியா, மத்திய கிழக்கு, மேற்கு ஐரோப்பா என்பதன் சுருக்கம். அதன் ஆறாவது தலைமுறை 2024 கடைசியில் சென்னைக்கு வந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு கேபிள் 2006 முதல் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்கு சுமார் 2,300 கி.மீ. நீளத்தில் ஒரு கேபிள் திறக்கப்பட்டது. அதுவரை போர்ட் பிளேர்காரர்கள் செயற்கைக்கோளை நம்பியே காலம் தள்ளினார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ திறக்கக் காத்திருந்த அனுபவம் அங்கே போய் வந்த சுற்றுலாப் பயணிகளுக்கும் தெரியும்.

2022 முடிவில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சர்வதேசக் கேபிள்கள் 17. அவை கரையேறும் நிலையங்கள் 14. மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் என்று ஐந்தே ஊர்கள். 140 கோடி பேர் கொண்ட ஒரு நாட்டின் வெளியுலகத் தொடர்பு இந்த ஐந்து கதவுகளில் அடங்கிவிடுகிறது. அதிலும் மும்பை, சென்னை என்ற இரண்டு கதவுகளில்தான் கூட்டம் அதிகம்.

யார் அறுக்கிறார்கள்?

சுறாமீன் கடித்துவிட்டது என்ற செய்தி சமூக வலைத்தளங்களில் நன்றாக ஓடும். பாவம் சுறா. உலகம் முழுக்க வருடத்துக்கு 150 முதல் 200 முறை கேபிள்கள் பழுதாகின்றன. அதில் 70-80 சதவீதத்துக்குக் காரணம் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான். கடல் தரையை உழுதுகொண்டு போகும் இழுவலை கேபிளில் மாட்டினால் மீனவருக்கும் நஷ்டம், கேபிள்காரருக்கும் நஷ்டம்.

மீதி இயற்கை. 2006 டிசம்பர் 26-ல் தைவானுக்குத் தெற்கே நிலநடுக்கம் வந்தபோது அடுத்தடுத்துக் கேபிள்கள் அறுந்து கிழக்காசியாவே தடுமாறியது. சரிசெய்ய 11 கப்பல்களுக்கு 49 நாள் பிடித்தது. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்தபோது டோங்கா நாட்டுக்கு இருந்த ஒரே ஒரு சர்வதேசக் கேபிள் போனது. ஐந்து வாரத்துக்கு மேல் நாடே ஆஃப்லைன். சென்னைக்காரர்களுக்கு வர்தா ஞாபகம் இருக்கும். 2016 டிசம்பர் 12-ல் புயல் அடித்தபோது மரமும் மின்கம்பமும் மட்டும் சாயவில்லை; கடலடிக் கேபிள் சேதத்தால் வேகம் குறைந்திருப்பதாக ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குத் தகவல் அனுப்பியது.

போரும் இந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. 2024 பிப்ரவரியில் ஏமனின் ஹூதிகள் ஏவிய ஏவுகணையில் அடிபட்ட 'ரூபிமார்' என்ற சரக்குக் கப்பலை மாலுமிகள் கைவிட்டு இறங்கினார்கள். ஆளில்லாத கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே மிதந்தது. செங்கடலில் மூன்று கேபிள்கள் சேதமாக அந்த நங்கூரமே காரணமாக இருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. கப்பல் மார்ச் தொடக்கத்தில் மூழ்கியது. கேபிளைச் சரிசெய்ய ஆள் அனுப்பலாம் என்றால் அங்கே ஏவுகணை பறந்துகொண்டிருக்கிறது. ஏ.ஏ.இ-1 என்ற கேபிள் சரியாக ஜூலை ஆகிவிட்டது.

இந்தியாவுக்குப் பலமான அடி 2008 ஜனவரி 30-ல் விழுந்தது. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. நாட்டின் சர்வதேச இணையத் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. கால் சென்டர்களும் ஐ.டி. நிறுவனங்களும் திணறின. பெரிய நிறுவனங்கள் பசிபிக் வழியாகச் சுற்றிப்போய்த் தப்பித்தன. சின்ன நிறுவனங்களுக்கு அந்த வசதி இல்லை. அதற்கப்புறம் கேபிள்கள் பெருகியதால்தான் 2025-ல் அதே மாதிரி விபத்து வந்தபோது 'நெட் போச்சு' என்று ஆகாமல் 'நெட் ஸ்லோ' என்ற அளவில் நின்றது. ஒரு பாதை அடைத்தால் டேட்டா தானாகவே வேறு பாதையில் திரும்பிவிடும். கிழக்கே சிங்கப்பூர் பக்கம் திறந்திருக்கும் சென்னை வாசல், மேற்கே செங்கடல் அடைபடும்போது மொத்த நாட்டுக்கும் மாற்று வழி.

கப்பல் வர வேண்டும்

கேபிள் அறுந்தால் எப்படி ஒட்டுவார்கள்? முதலில் கரையிலிருந்து ஒளித் துடிப்பை அனுப்பி, அது எங்கே பட்டுத் திரும்புகிறது என்று கணக்கிட்டு, அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு கேபிள் கப்பல் அங்கே போகும். கொக்கி போன்ற ஒன்றைக் கடலில் இறக்கி, கேபிளைத் தேடி மேலே தூக்குவார்கள். கப்பலுக்குள்ளேயே ஓர் ஆய்வகம் மாதிரி அறையில் இழையோடு இழையைச் சேர்த்து உருக்கி ஒட்டி, சோதித்து, திரும்ப இறக்குவார்கள். இந்த வேலைக்குச் சில நாள்தான். வாரக்கணக்கில் இழுப்பது வேறு. உலகத்தில் இப்படிப்பட்ட கப்பல்களே சில டஜன்தான். அவற்றில் பலவற்றுக்கு வயதும் ஆகிவிட்டது. அது ஃப்ரீயாகி, வந்து சேர்ந்து, அந்த நாட்டுக் கடலில் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும்.

இங்கேதான் இந்தியாவின் பலவீனம் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 ஜூனில் கொடுத்த பரிந்துரைகளில் இதைப் பேசுகிறது. இந்தியக் கொடி ஏந்திய கேபிள் பழுதுபார்க்கும் கப்பல் கிடையாது. வெளிநாட்டுக் கப்பல்கள் வர வேண்டும். பல அமைச்சகங்களின் அனுமதிக்கும் சுங்க நடைமுறைக்கும் காத்திருக்க வேண்டும். அனுமதிகளை எளிதாக்குங்கள், சொந்தக் கப்பலுக்கு வழி செய்யுங்கள், கேபிள்களை முக்கியக் கட்டமைப்பாகக் கருதிப் பாதுகாப்புக் கொடுங்கள் என்பதுதான் பரிந்துரையின் சாரம். ஆஸ்திரேலியா 2007-லேயே சிட்னி, பெர்த் கரைகளில் கேபிள் பாதுகாப்பு மண்டலங்களை அறிவித்துவிட்டது. அங்கே நங்கூரம் போட்டாலோ இழுவலை போட்டாலோ கடும் தண்டனை.

புதுக் கேபிள் வரும்போது அமைச்சர்கள் கைதட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். பழுதுபார்க்கும் கப்பல் வாங்கினால் யாரும் படம் எடுக்க வரப்போவதில்லை. ஆனால் ஐ.டி. ஏற்றுமதியை நம்பியிருக்கும் ஒரு நாட்டுக்கு ஒன்றிரண்டு கப்பல் பெரிய செலவே அல்ல.

கேபிள் யாருடையது?

பழைய கேபிள்களைப் பல நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து போட்டன. இப்போது கதை மாறிவிட்டது. 2012-க்கு முன்பு சர்வதேசக் கேபிள் திறனில் கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட், அமேசான் நான்கும் பயன்படுத்தியது 10 சதவீதத்துக்கும் குறைவு. இன்று அது மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டிவிட்டது. பயன்படுத்துகிறவர்களே இப்போது போடுகிறவர்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் 45,000 கி.மீ. '2ஆப்பிரிக்கா' கேபிளில் முன்னணி மெட்டா. 2025 பிப்ரவரியில் அதே நிறுவனம் அறிவித்த 'வாட்டர்வொர்த்' 50,000 கி.மீ. நீளம்; அமெரிக்கா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று போகிறது. பூமியின் சுற்றளவே 40,000 கி.மீ.தான்!

இதில் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. கேபிள் கூடினால் டேட்டா விலை குறைகிறது, ஒன்று போனால் இன்னொன்று தாங்குகிறது. ஆனால் சாலையும் லாரியும் சரக்கும் ஒரே முதலாளி கையில் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. அதைக் கேட்க வேண்டிய ஒழுங்குமுறை அமைப்புகள் இன்னும் சத்தமாகக் கேட்கவில்லை.

கரையேறியதும் எங்கே போகிறது?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். யூடியூப் ஏன் நிற்கவில்லை? அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் பிரதியை இந்தியாவுக்குள்ளேயே இருக்கும் சர்வர்களில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கடல் கடந்து போக வேண்டியதில்லை. யுபிஐ-யும் அப்படியே. பணப் பரிவர்த்தனை விவரங்களை இந்தியாவுக்குள்தான் சேமிக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. இந்தச் சேமிப்பெல்லாம் நடக்கும் இடம் டேட்டா சென்டர்.

டேட்டா சென்டர்கள் கேபிள் கரையேறும் ஊரைத் தேடி வரும். சென்னைக்கு வந்ததும் அப்படித்தான். பட்டறைகளும் உதிரிபாகக் கம்பெனிகளுமாக இருந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று என்.டி.டி., எஸ்.டி.டி. போன்ற நிறுவனங்களின் சர்வர் கட்டடங்கள். ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்ட்டி மூன்றும் கூட்டாகக் கட்டும் 100 மெகாவாட் வளாகத்தின் முதல் கட்டடம் 2024 ஜனவரியில் அங்கே திறக்கப்பட்டது. சிறுசேரி சிப்காட்டில் அதானிகானெக்ஸ், சிஃபி, ஏர்டெலின் நெக்ஸ்ட்ரா என்று வரிசை கட்டி நிற்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2021-ல் டேட்டா சென்டருக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

டேட்டா சென்டரின் அளவைச் சதுர அடியில் சொல்வதில்லை, மெகாவாட்டில் சொல்கிறார்கள். ஏனென்றால் அதன் உண்மையான தீனி மின்சாரம். 100 மெகாவாட் மையம் முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு 24 லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் வீடுகளோடு ஒப்பிட்டால், இது கிட்டத்தட்ட 2 லட்சத்து 88 ஆயிரம் வீடுகளின் மின்சாரம். 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கத்திரி வெயில் இரவுகளில் ஏசி ஓடும் அதே நேரத்தில் சர்வர்களுக்கும் குளிர்ச்சி வேண்டும். வீட்டு ஏசியையாவது விடியற்காலையில் நிறுத்தலாம். சர்வர் 24 மணி நேரமும் ஓடும். காற்றாலையில் தமிழ்நாடு முன்னோடிதான். ஆனால் அந்தக் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக அடிக்கும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அயர்லாந்து ஓர் உதாரணம். வரிச் சலுகை கொடுத்து டேட்டா சென்டர்களை அழைத்தார்கள், வந்தன. 2023-ல் அந்த நாட்டின் மின் நுகர்வில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுடையது. நகரங்களில் இருக்கும் அத்தனை வீடுகளும் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். டப்ளின் பகுதியில் புது மையங்களுக்கு இணைப்புக் கொடுப்பதை மின்தொடர் நிறுவனம் கிட்டத்தட்ட நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. உலக அளவில் 2024-ல் டேட்டா சென்டர்கள் எடுத்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி, அதாவது மொத்த நுகர்வில் 1.5 சதவீதம். செயற்கை நுண்ணறிவு வேகத்தில் 2030-க்குள் அது இரட்டிப்பைத் தாண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணிக்கிறது.

தண்ணீர்க் கணக்கு

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கலாம். அந்தச் சாலையில் பல குடியிருப்புகள் இன்றும் டேங்கர் லாரியை நம்பியே வாழ்கின்றன. சர்வர்களைக் குளிர்விக்க நீரை ஆவியாக்கும் முறை மின்சாரத்தை மிச்சப்படுத்தும், தண்ணீரைக் குடிக்கும். காற்றைக் கொண்டே குளிர்விக்கும் முறை தண்ணீரை மிச்சப்படுத்தும், மின்சாரத்தைக் குடிக்கும். இரண்டில் எதைக் கம்பெனி தேர்ந்தெடுக்கிறது என்பது அதன் உள்விவகாரம் அல்ல. பக்கத்துத் தெருவின் போர்வெல்லைப் பாதிக்கிற விஷயம்.

வழி இல்லாமல் இல்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் நீரைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் ஏற்கெனவே ஓடுகின்றன. டேட்டா சென்டருக்குக் குடிநீர் தேவையே இல்லை. இந்த நீர் போதும். இடம் ஒதுக்கும்போதே அதை நிபந்தனையாக வைக்கலாம்.

ஆனால் நிபந்தனை போடும் தைரியம் மாநிலங்களுக்கு இப்போது குறைந்து வருகிறது. 2025 அக்டோபரில் கூகுள் விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் ஏஐ மையம் அமைப்பதாக அறிவித்தது. அதானிகானெக்ஸும் ஏர்டெலும் கூட்டாளிகள். கூடவே விசாகப்பட்டினத்துக்குப் புதுக் கடலடிக் கேபிள்களும் வருகின்றன. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை ஏன் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று இங்கே சமூக வலைத்தளங்களில் ஒரே அமளி. கிழக்குக் கரையில் சென்னையைத் தவிர இன்னொரு கதவு திறப்பது நாட்டுக்கு நல்லதுதான். புயல் அடித்தால் இரண்டு ஊரையும் ஒரே நாளில் அடிக்காது. கவலைப்பட வேண்டியது வேறு. யார் அதிகச் சலுகை தருவது என்று மாநிலங்கள் போட்டி போடும்போது, நிலம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் ஏலப்பொருளாகிவிடும். கட்டி முடித்த டேட்டா சென்டரில் வேலை பார்க்க அதே பரப்பில் நிற்கும் ஓர் ஐ.டி. பார்க் அளவுக்கு ஆள் தேவைப்படாது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்குப் போட எண்கள் வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டால்ஸ் என்ற சிற்றூரில் கூகுளின் டேட்டா சென்டர் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு செய்தித்தாள் கேட்டது. அது வணிக ரகசியம் என்று சொல்லி, ஊர் நிர்வாகமே செய்தித்தாளுக்கு எதிராக நீதிமன்றம் போனது. 13 மாதம் கழித்து, 2022 டிசம்பரில் வழக்கைக் கைவிட்டு விவரத்தைக் கொடுத்தார்கள். ஊரின் மொத்தத் தண்ணீரில் கால் பங்குக்கும் மேல் அந்த ஒரு நிறுவனத்துக்குப் போயிருந்தது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் அடுத்த கட்டடத்துக்கு இடம் ஒதுக்கும் முன்பே ஒவ்வொரு மையமும் எடுக்கும் யூனிட்டும் லிட்டரும் மாதாமாதம் இணையத்தில் வெளியாக வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஒரு வரி சேர்த்தால் போதும், யாரும் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்காது.